செட்டிநாட்டு வீடுகள்: திருமயம், கடியாபட்டி வட்டாரம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் தெற்குப் பகுதியில், திருமயம், அரிமளம், பொன்னமராவதி வட்டாரங்களில் நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் ஊர்கள் பரவிக்கிடக்கின்றன. கடியாபட்டி, இராயவரம், அரிமளம், நச்சாந்துபட்டி, பனையபட்டி, குழிபிறை, விராச்சிலை, ராங்கியம், கோனாபட்டு, மேலைச்சிவபுரி, வலையபட்டி என்று நீளும் இந்த ஊர்களில் தெருவுக்குத் தெரு அரண்மனை போன்ற வீடுகள் நிற்கின்றன. செட்டிநாடு என்றதும் பலருக்கும் காரைக்குடியும் கானாடுகாத்தானும்தான் நினைவுக்கு வரும். அவை சிவகங்கை மாவட்டத்தில் உள்ளவை. சுற்றுலா வண்டிகள் அங்கேயே திரும்பிவிடுவதால் புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்கள் அமைதியாக இருக்கின்றன. நிதானமாகப் பார்க்க விரும்புபவருக்கு இதுவே வசதி.

நகரத்தார் ஊர்கள் ஒரு காலத்தில் 96 என்பது வழக்கு. இன்று எழுபத்தைந்துக்குச் சற்று முன்பின்னாக இருக்கின்றன. சமஸ்தான காலத்தில் இவற்றில் ஒரு பகுதி தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டை ஆட்சியிலும், மற்றவை இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களிலும் இருந்தன. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. எல்லைகள் இப்படி மாறினாலும் வீட்டுக் கட்டுமானத்திலோ, குடும்ப உறவிலோ, கோயில் முறையிலோ இரு பக்கத்துக்கும் வேறுபாடு கிடையாது.

பணம் வந்த வழி

வீடுகளைப் பார்ப்பதற்கு முன் அவற்றைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது உதவும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா, சைகோன் ஆகிய இடங்களில் வட்டிக்கடை நடத்தினார்கள். ஆங்கிலேயர் 1852-ல் கீழ் பர்மாவைக் கைப்பற்றினர். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி கழிமுகத்து அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை கிடைத்தது. காடழித்து வயல் திருத்திய பர்மிய விவசாயிக்கு முதல் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் செட்டியார்கள். மூன்று ஆண்டுக் கணக்கில் ஆண்கள் கடல் கடந்து போய்வந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் ஊரில் இருந்தார்கள். சம்பாத்தியம் ஊருக்குத் திரும்பி வீடாகவும் கோயில் திருப்பணியாகவும் ஊருணியாகவும் மாறியது.

பெரிய வீடுகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ 1850-க்கும் 1940-களுக்கும் இடைப்பட்டவை. முகப்பைப் பார்த்தே காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். உயரம் குறைவாக, மரத்தூணும் நாட்டு ஓடுமாக இருந்தால் பழையது. மாடி எழும்பி, கைப்பிடிச் சுவரில் லட்சுமியும் யானையும் துப்பாக்கிச் சிப்பாயும் சுதைச் சிற்பங்களாக வரிசைகட்டினால் நூற்றாண்டுத் திருப்பத்தை ஒட்டியது. நேர்க்கோடும் வளைந்த மூலையுமாக, பழைய சினிமாக் கொட்டகையின் சாயல் தெரிந்தால் 1930-களோ அதற்குப் பிந்தியதோ. 1930-களின் பொருளாதார மந்தமும், 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்ததும், பின்னர் 1960-களில் பர்மிய அரசு வணிகத்தை நாட்டுடைமையாக்கியதும் இந்தக் கட்டுமானத்தை நிறுத்திவிட்டன.

வீட்டின் அமைப்பு

இவற்றை அரண்மனை என்று பலகை வைப்பதும் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. அது பொருத்தமில்லை. அரண்மனை ஒருவருக்கு உரியது. செட்டிநாட்டு வீடு பங்காளிகள் எல்லோருக்கும் உரியது. மணமான ஒவ்வொரு இணையும் ஒரு ‘புள்ளி’. ஊர்க் கணக்கு, கோயில் வரி எல்லாம் புள்ளிக் கணக்கில்தான். வீட்டுக்குள் அறை ஒதுக்கியதும் அப்படியே. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நுழைந்தால், பிரம்மாண்டமாக மட்டும் தெரியும் வீடு ஓர் ஒழுங்கோடு தெரியத் தொடங்கும்.

வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். தலைவாசலில் நின்று பார்த்தால் வாசல்கள் ஒரே நேர்க்கோட்டில் அமைந்து, கொல்லைக் கதவு வரை பார்வை ஓடும். முதலில் திண்ணை. பிறகு முகப்பு, ஆண்கள் உட்கார்ந்து வணிகம் பேசியதும், கணக்குப்பிள்ளை பேரேடு எழுதியதும் இங்கே. அடுத்து வளவு. திறந்த முற்றத்தைச் சுற்றித் தூண்கள் தாங்கும் பத்திகள், அவற்றை ஒட்டி வரிசையாக அறைகள். இந்த அறைகளின் சிறுமை பார்ப்பவர்களைத் திகைக்க வைக்கும். இவ்வளவு பெரிய வீட்டில் இவ்வளவு சிறிய அறைகளா என்று கேட்கத் தோன்றும். இவை படுக்கையறைகள் அல்ல. ஒவ்வொரு புள்ளியும் தன் சீர்ப் பொருள்களையும் நகையையும் பாத்திரங்களையும் பூட்டி வைக்கவும், சாமி கும்பிடவும் உரியவை. படுப்பது பத்தியிலும் மாடிக் கூடத்திலும்.

வளவைத் தாண்டினால் இரண்டாம் கட்டு, சாப்பாட்டுக்கு உரியது. அதற்கும் பின்னால் அடுப்படிக் கட்டு. இங்கே ஆட்டுக்கல், அம்மி, உரல் ஆகியவற்றோடு ஒன்றுக்கு மேற்பட்ட அடுப்படிகள் இருப்பதைக் கவனிக்கலாம். மகனுக்கு மணமான பின் அவனை ‘வேறு வைப்பது’ நகரத்தார் வழக்கம். ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டே தனி அடுப்பு, தனி வரவுசெலவு. கூட்டுக்குடும்பத்தில் எழும் பாதிச் சண்டைகளை அடுப்பைப் பிரித்தே தீர்த்துவிட்ட சாமர்த்தியம் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். பல வழிகாட்டிகள் வளவோடு திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அடுப்படிக் கட்டைப் பார்க்காமல் வந்தால் வீட்டைப் பாதிதான் பார்த்ததாகும்.

முற்றத்துக் கூரையையும் அண்ணாந்து பார்க்க வேண்டும். நாலு பக்க ஓட்டுச் சரிவும் உள்நோக்கி இறங்கும். மழைநீர் தகரத் தூம்புகள் வழியாக முற்றத்தில் விழுந்து, தரைக்கடியில் ஓடும் வடிகாலில் இறங்கித் தெருவுக்குப் போய், அங்கிருந்து ஊருணி சேரும். வற்றாத ஆறு இல்லாத வறண்ட சீமையில் ஒவ்வொரு கூரையும் ஊரின் நீர்ப்பிடிப்பாக இருந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் போக வாய்ப்பவர்கள் இந்த ஏற்பாடு இயங்குவதை நேரிலேயே காணலாம்.

சுவரும் நிலையும் படமும்

கலைச் சேகரிப்பு என்றால் சட்டமிட்ட ஓவியங்களைத் தேடுவது இயல்பு. இங்கே சேகரிப்பில் பெரும்பகுதி கட்டடத்திலேயே பதிந்திருக்கிறது. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் ஓடு, இங்கிலாந்து வார்ப்பிரும்புத் தூண் எல்லாம் கப்பலில் வந்தவை. உத்தரத்தின் தேக்கையும் தரையின் பளிங்கையும் வழிகாட்டி விலைபேசிக் காட்டுவார். அவற்றைவிட உள்ளூர்க் கைவேலையில் கூடுதல் நேரம் செலவிடுவது நல்லது.

முதலில் சுவர். நூறு ஆண்டு கடந்தும் வெள்ளையடிக்கத் தேவைப்படாத பூச்சு இது. நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கலந்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சாந்தைப் பல பூச்சாக ஏற்றுவார்கள். கடைசிப் பூச்சில் மாவாக அரைத்த சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். புதுச் சுவர் நாள்கணக்கில் வேர்க்கும். அந்த ஈரத்தைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அதன் பிறகு வருவதுதான் கண்ணாடி போன்ற மினுமினுப்பு. சித்திரை வெயிலிலும் சுவர் குளிர்ச்சியாக இருக்கும். புறங்கையை ஒரு கணம் வைத்துப் பார்க்கலாம். விரல் ரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் பூச்சைக் கெடுக்கும் என்பதால் தடவக் கூடாது. நடுச்சுவரில் திட்டுத்திட்டாகப் புது சிமெண்ட் தெரியும் இடங்களில் பூச்சு உரிந்திருப்பதையும் காணலாம். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும், சிமெண்ட் அதை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் பக்கத்துப் பழம்பூச்சைத் தள்ளிவிடுகிறது.

அடுத்தது தலைவாசல் நிலை. தேக்கை அடுக்கடுக்காக இழைத்து, நடுவில் கஜலட்சுமி, இரு பக்கமும் யாளியும் கிளியும் கொடியுமாகச் செதுக்கியிருப்பார்கள். நிலைக்கு மேல் உள்ள சூரியப்பலகையில் இராமர் பட்டாபிஷேகமோ கிருஷ்ணனோ இருப்பது பெருவழக்கு. கதவின் பித்தளைக் குமிழ்களும் ஒரு சாணுக்குக் குறையாத சாவியும் இன்னும் பயன்பாட்டில் உள்ள வீடுகள் உண்டு. நிழலில் இருக்கும் செதுக்கு வேலை உச்சி வெயிலில் கறுப்பாகத்தான் தெரியும். கிழக்குப் பார்த்த வீடானால் காலை ஒன்பது மணிக்குள், மேற்குப் பார்த்ததானால் பிற்பகல் நாலு மணிக்கு மேல் நிலையைப் பார்ப்பதே சரி.

தரையில் பூப்போட்ட ஆத்தங்குடிக் கற்கள். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் கட்டங்களில் வண்ணச் சாந்தை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மணலும் சிமெண்டும் போட்டு அழுத்திச் செய்கிறார்கள். சூளையில் வேகவைப்பதில்லை, நீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துவதுதான். காலடி பட்டுப் பட்டுத்தான் இதற்கு மெருகு ஏறுகிறது. ஆள் புழங்காத வீட்டில் தரை மங்கிப்போவதன் காரணமும் அதுவே.

படங்களைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். தஞ்சாவூர்ப் பாணிக் கிருஷ்ணர், பட்டாபிஷேகப் படங்கள் சில வீடுகளில் உள்ளன. பல சாமி அறையில் இருப்பதால் பார்வைக்குக் கிடைக்காது. வளவுச் சுவரில் வரிசையாகத் தொங்குபவை பெரும்பாலும் அச்சுப் படங்கள். ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த லட்சுமி, சரஸ்வதி படங்களும், ஜெர்மனியில் அச்சான படங்களும் இவற்றில் அடங்கும். அச்சுதானே என்று தள்ளிவிடக் கூடாது. சில படங்களில் வீட்டுப் பெண்கள் சேலைக்குச் சரிகைத் துணியும், நகைக்கு மணியும் ஜிகினாவும் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் கண்ணாடிக்குள் சேலை மட்டும் மேடுதட்டித் தெரியும். ஆயிரக்கணக்கில் அச்சான படம், இந்தக் கைவேலைக்குப் பிறகு அந்த வீட்டுக்கே உரிய ஒன்றாகிவிடுகிறது. அதே சுவரில் ரங்கூன் ஸ்டுடியோவில் கோட்டும் தலைப்பாகையுமாக எடுத்த குடும்பப் புகைப்படங்களும் இருக்கும்.

எந்த வீட்டுக்குள் போகலாம்

பெரும்பாலான வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கல்யாணம், சாந்தி, படைப்பு, ஊர்த் திருவிழா என்றால் திறப்பார்கள். பங்காளிகள் சென்னையிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்து கூடுவார்கள். இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளோடு ஒப்பிட்டால் இதன் காரணம் விளங்கும். அங்கே சொத்து மூத்த மகனுக்குப் போனது. மரண வரி தாங்க முடியாதபோது அந்த ஒருவர் கையெழுத்திட்டால் போதும். 1937-ல் அதற்கென்றே சட்டம் வந்தபின் பல மாளிகைகள் தேசிய அறக்கட்டளைக்குப் போய், பொதுமக்களுக்குத் திறந்தன. இங்கே ஒரு வீட்டுக்கு ஐம்பது பங்காளிகள் இருந்தால் ஐம்பது பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். பழுதுபார்க்கவும் அப்படித்தான், விற்கவும் அப்படித்தான். ‘செட்டிநாடு, தமிழ் வணிகர்களின் ஊர்த்தொகுதிகள்’ என்று இந்தியா 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்திருந்தாலும், தனியார் வீடுகளின் நிலைமை அதனால் பெரிதாக மாறிவிடவில்லை.

இந்த மாவட்டத்தில் நிச்சயமாக உள்ளே போய்ப் பார்க்கக்கூடிய வீடு, திருமயத்துக்கு அருகே கடியாபட்டியில் உள்ள சிதம்பர விலாஸ். ஊருக்கு இராமச்சந்திரபுரம் என்றும் பெயர் உண்டு. வீட்டைச் சீர்செய்து தங்கும் விடுதியாக நடத்துகிறார்கள். முகப்பு, வளவு, சாப்பாட்டுக் கூடம் ஆகியவை பழைய அமைப்பு குலையாமல் இருக்கின்றன. தங்க வசதிப்படாதவர்கள் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகலாம். வாழையிலைச் சாப்பாட்டோடு வீட்டையும் பார்த்துவிடலாம். சொல்லாமல் போய் வாசலில் நின்றால் உள்ளே விடுவார்கள் என்ற உறுதி இல்லை. விடுதி என்பதால் எல்லாம் பளிச்சென்று இருக்கும். அதனால் அங்கே முடித்தபின் அதே ஊரின் தெருக்களில் ஒரு மணி நேரம் நடப்பது அவசியம். பராமரித்த வீடு, பாதி இடிந்த வீடு, இடித்துவிட்ட வெற்று மனை மூன்றையும் ஒரே தெருவில் பார்க்கலாம். இராயவரத்திலும் அரிமளத்திலும் இப்படியே தெருநடை நன்றாக இருக்கும்.

மற்ற வீடுகளைப் பார்க்க, காவலாளி அல்லது பார்த்துக்கொள்ளும் குடும்பத்தின் அனுமதி வேண்டும். பக்கத்து டீக்கடையில் விசாரித்தால் சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். வீட்டில் வயதான பெண்மணி இருந்தால் ‘ஆச்சி’ என்று அழைப்பது ஊர் வழக்கம். செருப்பைத் தெருப்படியிலேயே கழற்ற வேண்டும். வாசற்படியை மிதிக்காமல் தாண்ட வேண்டும். சாமி அறைக்குள்ளும், பூட்டாத அறையானாலும் புள்ளிகளின் அறைக்குள்ளும் கேட்காமல் நுழையக் கூடாது. படம் எடுக்கும் முன் கேட்பது மரியாதை. வீட்டாரைப் படமெடுத்து வெளியிடுவதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். காவலாளிக்குக் கொடுக்கும் பணத்தை வெளியேறும்போது கையில் கொடுத்தால் போதும். மாடிப் பலகை சில வீடுகளில் உளுத்திருக்கும். வேண்டாம் என்று சொன்னால் ஏறாமல் இருப்பதே நல்லது.

தோப்பும் கோட்டையும்

மேலைநாட்டு மாளிகைகளைச் சுற்றிப் பூங்கா இருக்கும். நகரத்தார் வீட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. சுவரோடு சுவர் ஒட்டித்தான் வீடுகள் நிற்கின்றன. பசுமையைத் தேடினால் ஊர் எல்லைக்குப் போக வேண்டும். படித்துறை கட்டிய சதுர ஊருணிகளும், அய்யனார் கோயில்காடுகளும் அங்கே உள்ளன. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் வழியில் நமுனசமுத்திரத்தை ஒட்டிய இளங்குடிப்பட்டியில் அய்யனார் கோயிலுக்குப் போகும் பாதையின் இரு பக்கமும் மண் குதிரைகள் அணிவகுத்து நிற்கின்றன. நேர்த்திக்கடனாக ஆண்டுதோறும் புதியவை சேர்கின்றன. பழையவை மரத்தடியிலேயே உடைந்து மண்ணாகின்றன. கோயில்காட்டில் கிளை ஒடிப்பதும், உடைந்த குதிரைத் துண்டை எடுத்துவருவதும் கூடாது.

திருமயம் கோட்டை 1687-ல் இராமநாதபுரத்துச் சேதுபதி கட்டியது. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளது. பாறை உச்சியில் ஒரு பீரங்கி இருக்கிறது. ஏறும் வழியில் பாறையைக் குடைந்த சிறு சிவன் கோயில். நிழல் கிடையாது என்பதால் காலையில் முதல் வேலையாக ஏறிவிடுவது நலம். அடிவாரத்தில் சத்தியகிரீசுவரர், சத்தியமூர்த்திப் பெருமாள் குடைவரைக் கோயில்கள் அடுத்தடுத்து உள்ளன. பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள்.

உண்மையான அரண்மனையும் வளாகமும் பார்க்க விரும்புபவர்கள் புதுக்கோட்டை நகருக்கே வர வேண்டும். கடைசி மன்னர் ராஜகோபாலத் தொண்டைமானின் புதிய அரண்மனைதான் இன்றைய ஆட்சியர் அலுவலகம். வேலை நாள்களில் மரங்கள் நிறைந்த வளாகத்தில் நின்று வெளியிலிருந்து பார்க்கலாம், உள்ளே கோப்புகள்தாம். சமஸ்தானத்துச் சேகரிப்பு திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1910-ல் சமஸ்தானம் தொடங்கியது இது. செப்புத் திருமேனிகள், கற்சிற்பங்கள், ஆயுதங்கள், நாணயங்கள் எல்லாம் பழைய பாணியில் நெருக்கமாக வைக்கப்பட்டுள்ளன. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்று பொறித்த அம்மன் காசை மறக்காமல் பார்க்க வேண்டும். அந்த அம்மனின் குடைவரைக் கோயில் அதே திருக்கோகர்ணத்தில்தான் உள்ளது.

போக்குவரத்தும் காலமும்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை ஏறத்தாழ 55 கிலோமீட்டர், அங்கிருந்து திருமயம் 20 கிலோமீட்டர் அளவு. திருச்சி–காரைக்குடி ரயில் பாதையில் புதுக்கோட்டை, திருமயம் இரண்டு நிலையங்களும் உள்ளன. பல்லவன் விரைவு ரயில் சென்னையிலிருந்து புதுக்கோட்டைக்கு வருகிறது. திருமயம் வரை பேருந்துகள் அடிக்கடி கிடைக்கும். கடியாபட்டி, இராயவரம் போன்ற உள்ளடங்கிய ஊர்களுக்கு நகரப் பேருந்துகள் குறைவு. திருமயத்திலிருந்து ஆட்டோவோ வாடகைக் காரோ பேசிக்கொண்டால் அலைச்சல் மிச்சம். மார்கழி முதல் மாசி வரை நல்ல பருவம். சித்திரை, வைகாசியில் வெயில் தாங்காது.

காலையில் திருமயம் கோட்டை, பத்து மணிக்குமேல் கடியாபட்டி, மதியம் அங்கேயே சாப்பாடு, மாலைக்குள் புதுக்கோட்டை அருங்காட்சியகம் என்று ஒரே நாளில் முடிக்கலாம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. அந்த நாள்களைத் தவிர்த்துப் பயணத்தைத் திட்டமிடுவது நல்லது.